லேப் ஆன்ட்டியும் கிரேன்காரரும்

ஜூன் 9

என்னங்க,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் மலைமேல் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் பயந்துபோய்க் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். லேப் டெக்னீஷியன் படிப்பு, ஒரு வருஷம். போன திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். இத்தனை வருஷமாக அந்த லேப் கவுன்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாங்குகிறவர்கள் கவரைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "இதுல என்னம்மா போட்டிருக்கு? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?" என்பார்கள். நான் கிளிப்பிள்ளை மாதிரி "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பேன். போன மாதம் ஒரு அம்மாள் மகனுடைய ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "உனக்கும் தெரியாதா? நீ இங்கதானே இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பம் போட்டது நம் பெரியவள். படித்து முடித்தால் உள்ளேயே வேலை தருவதாக லேப் முதலாளி சொல்லியிருக்கிறார். அதுவரை சாயங்காலம் மட்டும் கவுன்டர். வகுப்பில் எல்லோரும் பெரியவள் வயசுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றது. நான் பேசாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரே சிரிப்பு. இப்போது என் பெயர் "ஆன்ட்டி". நிஜமான மேடம் என்னைவிடச் சின்னவர். அவரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்.

திட்டுவதாக இருந்தால் முகாமிலிருந்து கீழே வருகிற அடுத்த லாரியிலேயே திட்டி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 20

படிப்பாளி அம்மாளுக்கு,

உன் கடிதம் சாமான் லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. படிக்கும்போது என் கண் கலங்கியதற்கு வெங்காயம்தான் காரணம் என்று என் அறைத்தோழன் வெல்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பினானோ என்னவோ.

பெரியவளுக்குத் தெரியும், லேப் முதலாளிக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? சரி, சொல்லியிருப்பேன். அப்புறம் இரண்டு நாள் கழித்துச் சரி என்றும் சொல்லியிருப்பேனே! அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுத்திருக்கலாம். என் வருத்தம் அவ்வளவுதான். இங்கே சிக்னல் கிடையாது, போன் என்பது வெறும் டார்ச் லைட்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் லாரி வாரா வாரம் வருகிறதே.

அது போகட்டும். கோழிக்கடையைத் தாண்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நீ. நீ ஊசியைப் பிடித்து ஒருத்தர் கையில் குத்தப் போகிறாயா? குத்து வாங்குகிற புண்ணியவானை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இங்கே சுரங்க வேலை வேகமாகப் போகிறது. ஒரு ஆள் நுழைந்து நடக்கிற அகலத்துக்குக் குழாய்கள், அத்தனையையும் தூக்கி இறக்குவது என் கிரேன்தான். மேலே கண்ணாடிக் கூண்டில் தனிக்காட்டு ராஜா. மலைக்காற்று தொண்டையை வறட்டுகிறது போலிருக்கிறது, எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. கேனோடு ஏறுகிறேன். குடித்தால் இறங்க வேண்டியிருக்கிறது, இறங்கினால் ஏற வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க ஏணியில்தான் குடித்தனம். வெல்டர் எனக்கு "டேங்கர்" என்று பெயர் வைத்துவிட்டான். இந்த ஏற்ற இறக்கத்தில் தொந்தி கரைந்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். நீ பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்பாய். பூட்ஸ் கடித்த புண் மட்டும் ஆறாமல் அடம்பிடிக்கிறது.

நன்றாகப் படி. சின்னவனுக்குச் சாப்பாடு போட மறந்துவிடாதே.

கோபம் முக்கால்வாசி தீர்ந்தவன்

ஜூலை 2

என்னங்க,

மீதிக் கால்வாசியையும் இந்தக் கடிதம் தீர்த்துவிடும், பாருங்கள்.

முதலில் எங்களுக்கு ரப்பர் கை கொடுத்தார்கள். தோள் இல்லை, உடம்பு இல்லை, மேஜைமேல் வெறும் கை. உள்ளே குழாயில் சிவப்புச் சாயத் தண்ணீர். அதில் நான் முதல் தடவையிலேயே எடுத்துவிட்டேன். ஒரே பெருமை. அடுத்த வாரம் நிஜக் கை. ஒருவருக்கொருவர் எடுத்துப் பழக வேண்டும். எனக்கு ஜோடி "பயில்வான்" என்று ஒரு பையன். காலையும் மாலையும் ஜிம்முக்குப் போகிறவன். கையில் நரம்பு கயிறு கயிறாக ஓடுகிறது. "தைரியமா குத்துங்க ஆன்ட்டி, எனக்கு இதெல்லாம் எறும்பு கடிக்கிற மாதிரி" என்றான். நான் ஊசியின் மூடியைத்தான் கழற்றினேன். ஆள் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டான். காலைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் தெளித்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுத்து வந்த பெண்ணுக்கு இரண்டு தடவை குத்தியும் எனக்கு ரத்தம் வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்ல ஆன்ட்டி" என்றாள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். மேடம் என் விரலைப் பிடித்து அந்தப் பெண்ணின் முழங்கை மடிப்பில் வைத்து, "கண்ணால தேடாதீங்க, விரலால தேடுங்க. அமுக்கினா துள்ளி எழும்புதுல்ல, அதுதான்" என்றார். இன்னும் வசப்படவில்லை. வசப்படும்.

ரத்தக் குழாய்களைச் சுற்றவிட்டு ரத்தத்தைப் பிரிக்கிற இயந்திரத்திலும் ஒரு கூத்து. அதில் ஒரு குழாய் வைத்தால் எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டுமாம். நான் ஒன்றை மட்டும் வைத்து மூடிவிட்டேன். இயந்திரம் கடகடவென்று ஆடிக்கொண்டு மேஜை ஓரத்துக்கு நடந்தே போய்விட்டது. பிடித்து நிறுத்தியது பயில்வான்தான். அதற்கு மட்டும் அவனுக்குத் தைரியம் இருக்கிறது.

இப்போது நான் கேட்பதற்குச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, உடம்பு இளைப்பது, புண் ஆறாதது. இந்த நாலையும் மேடம் போன வாரம் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எனக்கு உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்களேன். முகாம் நர்ஸ் எடுத்து லாரியில் கீழே அனுப்புவார் என்று நீங்களே முன்னொரு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

எனக்காக.

உங்கள் ஆன்ட்டி

ஜூலை 12

அம்மாளுக்கு,

பயில்வான் கதையைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துச் சமையல்காரருக்குப் புரையேறிவிட்டது. அதோடு நீ நிறுத்தியிருக்கலாம்.

படிக்கப் போன முதல் மாதத்திலேயே கட்டினவனைக் கரும்பலகையில் ஏற்றிவிட்டாயே! நான் நடு வயசு ஆள். வெயிலில் வேலை செய்கிறேன், தாகம் எடுக்கிறது. இதற்கு ஒரு படிப்பா? நாளைக்குக் கொட்டாவி விட்டேன் என்று எழுதினால் அதற்கும் ஒரு வியாதி கண்டுபிடிப்பாய்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு முன்னால் இந்தக் கிரேனை ஓட்டியவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது கேட்டில் உட்கார்ந்து வருகிற லாரிக்குக் கம்பைத் தூக்கிவிடுகிறார். நல்ல மனுஷர். ஆனால் காலையில் நான் ஏணியில் ஏறும்போது அவர் தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தினமும் ஏறுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தக் கூண்டுக்குள்தான் இருக்கிறது. அதை ஒரு சொட்டு ரத்தத்துக்காகக் கொடுக்க மாட்டேன்.

இனிமேல் வைத்தியப் பேச்சு வேண்டாம். வீட்டு விஷயம் எழுது.

அவ்வளவுதான்

ஜூலை 21

என்னங்க,

வீட்டு விஷயம். சின்னவன் பள்ளிக்கூடப் பையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான், கிடைத்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. மாடி வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள். மழை பெய்தது, நின்றது.

வைத்தியப் பேச்சு இல்லை. கிரேன் பேச்சுதான். ஒரு நொடி தலை சுற்றினால் உங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கொக்கிக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு என்ன ஆகும்? அவர்களுக்கும் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிக்கு

ஆகஸ்ட் 3

படிப்பாளி அம்மாளுக்கு,

ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே, ஜெயித்தது நான்! இதோடு ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். என் பெயர், என் வயசு, கீழே லேப் முத்திரை, எல்லாம் இருக்கிறது. முகாம் அடையாள அட்டையில் போடுவதற்காக ரத்த வகையையும் சேர்த்தே பார்த்துவிட்டார்கள். சர்க்கரை எவ்வளவு என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார். குழந்தைப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதாம், நர்ஸ் சொன்னார். மேடத்திடமும் காட்டு. கரும்பலகையிலிருந்து என்னை அழித்துவிடச் சொல்.

கோபமெல்லாம் போய்விட்டதா? குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும், பெரியவளுக்கே தெரியும்.

இரும்பு மனிதன்

ஆகஸ்ட் 11

என்னங்க,

ரிப்போர்ட் கிடைத்தது. மேடத்திடமும் காட்டினேன். நீங்கள்தான் காட்டச் சொன்னீர்கள்.

சர்க்கரை அற்புதம். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. ரத்த வகை ஏபி பாசிட்டிவ்.

இப்போது கேளுங்கள். போன மாதம் வகுப்பில் ஆளாளுக்கு ரத்த வகை பார்த்தோம். நான் பி. நம் பெரியவள் கல்லூரியில் ரத்த தானம் செய்தவள், அவள் ஓ. அப்பா ஏபி என்றால் பிள்ளை ஓ-வாகப் பிறக்காது. லட்சத்தில் ஒருவருக்கு விதிவிலக்கு உண்டாம், நாம் அவ்வளவு அபூர்வமான குடும்பம் இல்லை. ஆகவே ஒன்று, இது உங்கள் ரத்தம் இல்லை. அல்லது பெரியவளைப் பற்றி நான் உங்களிடம் சொல்ல வேண்டிய பழைய கதை ஏதோ இருக்கிறது. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு அப்படி எந்தக் கதையும் ஞாபகத்தில் இல்லை. அதிலும் அவளுக்கு உங்கள் மூக்கு.

நான் இதைச் சொன்னதும் மேடம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். பயில்வான் கேட்டான், "அப்ப இது யாரு ரத்தம் ஆன்ட்டி?" எனக்குத் தெரியும். உங்கள் அறையிலேயே இருக்கிற, டேங்கர் என்று பெயர் வைத்த அந்த வெல்டர் தம்பியுடையது. கீரை சாப்பிடச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் ஏறும்.

சிரித்துவிட்டேன், அதனால் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பீர்கள். நாளைக்கு அங்கே ஏதாவது நடந்து, அவசரத்தில் யாராவது அந்த அட்டையை நம்பி உங்களுக்கு ஏபி ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா? அதைத்தான் ரிப்போர்ட் வந்த மறுநாள் காலையில் எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை.

உங்களைக் கூண்டிலிருந்து இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா? அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் போட்டோவைத்தான் பர்ஸில் வைத்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டு, பார்த்துச் சாப்பிட்டு, எத்தனையோ வேலை செய்கிறார்கள். கெடுப்பது சர்க்கரை இல்லைங்க, மறைப்பதுதான்.

அட்டையை முதலில் கிழியுங்கள். மற்றதை நீங்களே முடிவு செய்யுங்கள். இனி நான் கேட்க மாட்டேன்.

உங்கள் பி பாசிட்டிவ்

ஆகஸ்ட் 25

அம்மாளுக்கு,

கடிதத்தைப் படித்ததும் வெல்டர் வெலவெலத்துப் போய்விட்டான். "அண்ணே, அண்ணி அங்க உட்கார்ந்துகிட்டு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? என் பேரைக்கூட எழுதலையே?" என்றான். அன்றிலிருந்து கீரை சாப்பிடுகிறான். உன்மேல் அவ்வளவு பயம்.

அட்டையை அன்றே கிழித்தேன். பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு நாள் இழுத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதி உயரத்தில் இருக்கும்போது கண்முன் எல்லாம் மங்கிவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கீழே வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகம் தெரியவில்லை, மஞ்சள் தொப்பி மட்டும் தெரிந்தது. லிவரில் வைத்த கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தது என்றால் நம்புவாயா?

பார்வை தெளிந்ததும் அங்குலம் அங்குலமாக இறக்கி வைத்தேன். இன்ஜினை நிறுத்தினேன். இறங்கி வந்து நேராக இன்ஜினியர் அறைக்குப் போனேன். ரிப்போர்ட் கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது என்றுதான் நின்றேன்.  அவர், "நீங்களாவா இறங்கி வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "முதல்ல உட்காருங்க" என்றார்.

இந்த முறை என் கை, என் ரத்தம். சர்க்கரை நன்றாகவே ஏறியிருக்கிறது. கீழே டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். புண்ணுக்கும் கட்டுப் போட்டாயிற்று. கட்டுக்குள் வந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் திரும்ப ஏறலாம், அதுவரை தரையில் நின்று கொடி காட்ட வேண்டும் என்பது இன்ஜினியர் உத்தரவு. பச்சைக் கொடியைத் தூக்கிப் பிடித்தால் மேலே தூக்கு, தாழ்த்தினால் இறக்கு. கூண்டில் இப்போது ஒரு புது ஆள். நான் தாழ்த்துவதற்குள் இறக்கிவிடுகிறான், அவசரக்குடுக்கை. இத்தனை வருஷம் எனக்குக் கொடி காட்டியவர்கள் என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

கேட்காரர் என்னைத் தேடி வந்தார். "நான் ஒரு தரம்கூட டாக்டர்கிட்ட திரும்பப் போகலை தம்பி. முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டேன்" என்றார். அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறோம்.

நீ கிளப்பிவிட்டது முகாம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்குத் தாகம் எடுக்கிறது என்கிறார்கள். நர்ஸ் திணறுகிறார். கீழேயிருந்து ஒரு லேபே மேலே வந்தால் நல்லது என்று இன்ஜினியர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓ-வா ஏ-யா பி-யா என்று என்னை நீயே பார்த்துச் சொல். அதை மட்டும் இந்த முறை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் கொடிக்காரன்

செப்டம்பர் 6

என்னங்க,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. கண்ணாடியில் ஆவி என்று நீங்கள் எழுதிய இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். பின்னாலேயே மேடம் வந்து என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும், "லாரில எத்தனை பேர் ஏறலாம் ஆன்ட்டி?" என்றார்.

கல்லூரியில் பேசி, உங்கள் இன்ஜினியருக்கும் எழுதிவிட்டார்கள். நிஜ ஆட்களிடம் பழகினால்தான் மாணவர்களுக்குக் கை வரும் என்பது மேடத்தின் வாதம். இந்த மாதக் கடைசியில் எங்கள் வகுப்பே முகாமுக்கு வருகிறது.

இன்னொன்று. நேற்று மேடத்தோடு பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரி லேபில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் நீட்டி, "எனக்கு நரம்பே கிடைக்காது, போன தடவை குத்திக் குத்திப் புண்ணாக்கிட்டாங்க" என்று முன்கூட்டியே அழுதார். அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, மேடம் மட்டும் பின்னால் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். துள்ளியது. ஒரே குத்து. அந்த அம்மாள், "இன்னும் எப்பம்மா குத்தப் போற?" என்று கேட்டபோது நான் குழாயில் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

முகாமில் எல்லோரும் வெறும் வயிற்றோடு வர வேண்டும், டீகூடக் கூடாது. சமையல்காரரிடம் சொல்லி வையுங்கள். நான் உங்கள் மனைவி என்பதால் வரிசையில் முன்னால் வந்து நிற்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி

அக்டோபர் 4

என் டெக்னீஷியன் அம்மாளுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே இன்னும் உங்கள் பேச்சுதான்.

வரிசையில் வெல்டருக்குப் பின்னால்தான் நின்றேன். என் முறை வந்ததும் நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முழுப் பேரு, வயசு சொல்லுங்க" என்றாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டின பெண்டாட்டி வேற்று ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. "அண்ணே, பேரு மறந்துடுச்சா? இந்தத் தடவையும் என் பேரைச் சொல்லிடாதீங்க" என்று வெல்டர் கத்தினான். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை, பேனாவோடு காத்திருந்தாய். நான் பெயரைச் சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தாய். வலிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்வேன், வலிக்கவே இல்லை.

எல்லா ரிப்போர்ட்டும் வந்துவிட்டன. நான் ஓ. பெரியவளிடம் சொல், மூக்கோடு இதுவும் என்னுடையதுதான். அன்றைக்கு நீங்கள் அளந்து பார்த்ததில் சமையல்காரருக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரை ஆரம்பித்துவிட்டார். இன்ஜினியருக்கே சர்க்கரையாம். கேட்காரர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். என்னுடையது நன்றாக இறங்கியிருக்கிறது. இப்படியே இருந்தால் அடுத்த முறை கையெழுத்துப் போட்டுத் தருவதாக டாக்டர் சொல்லிவிட்டார். பயில்வானை எல்லோரும் விசாரிக்கிறார்கள். இங்கே அத்தனை பேருக்கு ஊசி போட்டும் அவன் மயங்கவில்லையே, பெரிய ஆள்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் லாரியில் ஏறினீர்கள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன், கையில் கொடி. நீ பின்பக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாய். கையாட்ட உனக்குக் கை இல்லை. அதனால் நான் ஆட்டலாம் என்று கொடியைத் தூக்கினேன். லாரி வளைவில் திரும்பி, தூசி அடங்குகிறவரை தூக்கியே பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "அண்ணே! அண்ணே!" என்று சுற்றி நின்ற எல்லோரும் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மேலே புது ஆள், எனக்குக் கட்டுப்பட்டு, வெறும் கொக்கியை வானம்வரை தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

உன்
ஓ பாசிட்டிவ்